கையை எடுக்காதவன்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டிய தாமோதரனைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அவனுடைய ஷிப்டில் கீழே இறங்குகிறவர்கள் டீத் தம்ளரைக் கையில் பிடித்தபடியே இறங்கலாம், ஒரு சொட்டுச் சிந்தாது என்பார்கள். யாரும் அப்படி இறங்கிப் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னார்கள்.

கேஜ் என்பது ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு. ஓட்டுகிறவன் அதற்குள் இருப்பதில்லை. கேஜ் இறங்கும் ஷாஃப்டுக் குழிக்குச் சற்றுத் தள்ளி, வைண்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பான். எதிரே வடம் சுற்றும் பெரிய டிரம். பக்கத்தில் கடிகாரம் போல ஒரு டயல். கேஜ் எந்த லெவலில் போகிறது என்று அதன் முள் சொல்லும். மணி மூன்று தடவை அடித்தால் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவன் பார்ப்பது முள்ளை, கேட்பது மணியை. ஏறியவர்களின் முகத்தை அவன் பார்ப்பதில்லை.

அந்த வேலையில் சேர்ந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். பர்ஸ்ட் வந்தால் பிரேக்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது. அடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்து நொறுங்குவதைத்தான் அங்கே பர்ஸ்ட் என்றார்கள். மேலே வீடுகள் ஆடும். அடுக்கிலிருந்து பாத்திரம் உருளும். யாருக்கும் எழுந்து வெளியே ஓடத் தோன்றும். ஓட்டுகிறவன் ஓடக் கூடாது. வடத்தின் நுனியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மணி கேட்கும்வரை கை இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இது தாமோதரனுக்கு உடம்பில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் தூங்கும்போது நிலம் ஆடினால்கூட வலது கை தானாக எதையாவது இறுகப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கங்கம்மாவின் மணிக்கட்டு இருந்தால் மணிக்கட்டு. இரண்டு முறை அவளுடைய வளையல் உடைந்திருக்கிறது.

கங்கம்மா அவன் மனைவி. மனைவி, கேமரா இரண்டும் அவனுக்கு ஒரே ஆள் மூலமாகத்தான் வந்தன. அந்த ஆள் கங்கம்மாவின் அண்ணன் முனுசாமி.

முனுசாமிக்கு அடியில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. ஒரு பர்ஸ்டில் தோள்பட்டை எலும்பு முறிந்து, இரண்டு விலாவும் போய், கிடந்தவனைப் பலகையில் கட்டிக் கேஜில் ஏற்றினார்கள். மேலே வரும்வரை ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விலா முறிந்தவனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, கட்டுப் போட்ட தோளோடு வைண்டிங் ரூமுக்கு வந்து, அன்றைக்கு ஓட்டியது யார் என்று கேட்டான். தாமோதரனை மேலும் கீழும் பார்த்தான். கல்யாணம் ஆகிவிட்டதா என்பது அடுத்த கேள்வி.

கல்யாணத்தில் எல்லோரும் பித்தளைக் குடமும் எவர்சில்வர் தட்டும் வைத்தார்கள். முனுசாமி ஒரு தோல் பையை வைத்தான். உள்ளே மடக்கி விரிக்கும் ஜெர்மன் கேமரா. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும் அவசரத்தில் இருந்த ஒரு ஃபோர்மனிடம் வாங்கியது. தாமோதரன் அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்டதற்கு முனுசாமி சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது.

“கை ஆடாத ஆளு நீ. எங்கண்ணு மூடறதுக்குள்ள ஒனக்கு ரெண்டு பொருள் குடுக்கணும்னு நெனச்சேன். ஒண்ணு பேசும், ஒண்ணு பேசாது. ரெண்டயும் கீழ போட்றாத மாப்ள.”

சுரங்க உத்தியோகஸ்தர்களுக்காக ஒரு கேமரா கிளப் இருந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஆபீசர்கள், மீதி ஃபோர்மன்களும் கிளார்க்குகளும். கேஜ் ஓட்டுகிறவன் ஒருவனும் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் சகாயம் அதற்குச் செயலாளர். முனுசாமியின் நெஞ்சுக்கூட்டைப் படமெடுத்தவர் அவர்தான். முனுசாமி அவரிடம் பேசித் தாமோதரனைச் சேர்த்துவிட்டான். கிளப் கட்டடத்தின் பின்னால் பழைய குளியலறை ஒன்றை அடைத்து இருட்டறை ஆக்கியிருந்தார்கள். சிவப்பு விளக்கின் கீழே பிலிம் கழுவவும், படம் அச்சுப் போடவும் சகாயம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தாமோதரனுக்கு அந்த அறை பிடித்துப்போனது. டயல் போல ஒரு கடிகாரம், தண்ணீர்ச் சத்தம், யாரும் பேச வேண்டாத வேலை.

வருஷத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களுக்குள் போட்டி நடக்கும். அதில் கலைப் படம் என்று ஒரு பிரிவு. பெங்களூரிலிருந்து நடுவர் ஒருவர் வந்து பார்ப்பார். அவர் தேர்ந்தெடுத்த படங்களை ஹாலில் மாட்டி, குடும்பத்தோடு வந்து பார்க்கச் சொல்வார்கள். மற்றவை உறுப்பினர் கைக்கே திரும்பி வரும்.

தாமோதரன் படம் ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்தது.

குறை எதுவும் சொல்ல முடியாத படங்கள். ஷாஃப்டின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரம், ஆண்டர்சன்பேட்டை சர்ச், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேடு. கோடு கோணாது, ஓரம் மங்காது. நடுவர் ஒரு வருஷம் நேர்த்தி இருக்கிறது என்றார். அடுத்த வருஷமும் அதையே சொல்லி, நேர்த்தி மட்டும் இருக்கிறது என்றார். முனுசாமியிடம் காட்டினால் அவன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பான்.

“எல்லாம் நேரா நிக்குது மாப்ள. ஆனா ஒருத்தனயும் காணோமே. லீவு நாள்ல எடுத்தியா?”

சிரித்துக்கொண்டுதான் சொல்வான். தாமோதரனுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தன் தங்கையை நம்பிக் கொடுத்தவன், கூடவே கொடுத்த பொருள். அதைக் கொண்டு ஒரு படம், ஒரே ஒரு படம், அந்தச் சுவரில் தொங்க வேண்டும். முனுசாமி வந்து அதன் எதிரே நிற்க வேண்டும். வேறு எந்த விதத்தில் அந்த நன்றியைத் திருப்பிக் காட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்த வருஷமும் திரும்பி வந்தால் கேமராவை முனுசாமியிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். கங்கம்மாவிடம் சொன்னான். அவள் நம்பவில்லை. தோல் பைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்த பிறகு நம்பினாள்.

பாகிஸ்தான் சண்டைக்கு அடுத்த வருஷம் அது. பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. சகாயம் பெங்களூரில் யாரையோ பிடித்து ஒரு ரோல் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது, இந்தத் தடவை ஆளை வைத்து எடு, வீட்டில் ஆள் இல்லையா என்றார். தாமோதரன் சரி என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் மறுபடியும் இரும்புக் கோபுரத்தையே சுற்றிச் சுற்றி எடுத்தான். ரோலில் கடைசியாக ஒரு படம் மிச்சம் இருந்தது. அதைக் கங்கம்மாவுக்கு என்று வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் அவனுக்கு இரவு ஷிப்ட். முனுசாமிக்கு முதல் ஷிப்ட். காலையில் வேலை முடிந்து வந்து, படுக்காமல், ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த தன் வீட்டுக்குள் கேமராவை நிறுத்தினான். முட்டுமரத் துண்டுகளைக் கால்களாக வைத்து அவனே செய்த ஸ்டாண்டு. கிழக்கு ஜன்னலிலிருந்து வெளிச்சம் சாய்வாக வந்தது. கங்கம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பலகையில் அடுக்கியிருந்தாள். ஊதாப் பட்டு கட்டிக்கொண்டு, முறத்தில் அரிசியோடு ஜன்னல் பக்கத்தில் நின்றாள். நின்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாங்க, பட்டுச்சேல கட்டிக்கினு எவளாவது அரிசி பொடப்பாளா?”

கலைப் படம் என்றால் அப்படித்தான் என்றான் அவன். அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் கேமராவின் கண் சில நொடிகளாவது திறந்திருக்க வேண்டும், அதுவரை ஆடாதே என்று கேட்டுக்கொண்டான். வளையத்தை ‘பி’ என்ற எழுத்துக்குத் திருப்பினான். அதில் வைத்தால், பட்டனை அழுத்தியிருக்கும்வரை கண் திறந்திருக்கும். விட்டால் மூடிக்கொள்ளும்.

அழுத்தினான். மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மெல்ல அசைந்தாள்.

சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. பலகை கிடுகிடுத்தது. ஒரு தம்ளர் விழுந்து உருண்டு சுவரில் முட்டி நின்றது. ஸ்டாண்டின் ஒரு கால் தரையில் சற்று நகர்ந்தது. கூரைத் தகரத்திலிருந்து தூசு இறங்கியது.

பிறகு ஒன்றுமில்லை.

கங்கம்மா முறத்தை விடவில்லை. முகம் மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. வாசலில் நின்றால் ஷாஃப்டுக் கோபுரத்தின் உச்சியில் கேஜின் வடம் ஓடும் சக்கரம் தெரியும். லைன் முழுக்க அப்படித்தான் இருந்தது. அங்கே பர்ஸ்ட் வந்தால் பெண்கள் கத்துவதில்லை. வாசலுக்கு வந்து, கோபுரத்தைப் பார்த்து நின்றுவிடுவார்கள். சக்கரம் சுற்றுகிறதா, ஆம்புலன்ஸ் மணி கேட்கிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை அழுதால்கூட அந்த நேரத்தில் யாரும் எடுப்பதில்லை. கங்கம்மா மூச்சு விடுவதே தெரியவில்லை. சற்று முன் எத்தனை கேட்டும் ஆடாமல் நிற்க முடியாதவள் இப்போது துளி ஆடவில்லை.

தாமோதரன் நின்ற இடத்தில் நின்றான். மணிக்காகக் காத்திருந்தான். வீட்டில் மணி எங்கே இருக்கிறது?

அவள் திரும்பாமலே சொன்னாள்:

“போங்க. போய்ப் பாருங்க.”

அப்போதுதான் தன் விரல் இன்னும் பட்டன்மேல் இருப்பதைக் கண்டான். எடுத்தான். க்ளிக் என்று கேமராவின் கண் மூடியது.

ஷாஃப்டுக்கு ஓடினான். வைண்டிங் ரூமில் சம்பங்கி கேஜ் ஓட்டிக்கொண்டிருந்தான். வடம் ஓடிக்கொண்டிருந்தது. தாமோதரன் பேசவில்லை. பேசக் கூடாது. சம்பங்கியின் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றான். கேஜ் மேலே வந்து நின்றது. மறுபடியும் இறங்கியது. கடைசியில் சம்பங்கி கையை எடுத்து, விரல்களை மடக்கி விரித்து, எல்லாரும் வந்தாச்சு என்றான். மூன்று பேருக்குக் காயம், உயிருக்கு ஒன்றுமில்லை. முனுசாமியின் கூட்டம் இரண்டாவது நடையிலேயே வந்துவிட்டது என்றான்.

தாமோதரன் வீட்டுக்கு வந்தபோது முனுசாமியின் மனைவி பாப்பம்மாவும் அங்கே வந்திருந்தாள். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கங்கம்மா பட்டுச் சேலையை மாற்றவில்லை. அவன் விஷயத்தைச் சொன்னான்.

“நீங்க பாத்தீங்களா?” என்றாள் கங்கம்மா.

“சம்பங்கி சொன்னான்.”

“சம்பங்கி பாத்தானா?”

கேஜ் ஓட்டுகிறவன் முகம் பார்ப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அடுப்பு பற்றவில்லை. முறத்தில் அரிசி அப்படியே இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் முனுசாமி வந்தான். முகம் கழுவி, தலை வாரி, கையில் காராபூந்திப் பொட்டலத்தோடு வந்தான். பர்ஸ்டுக்குப் பிறகு மேலே வருகிறவர்கள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதிக்குப் போய் ஒரு டீ குடித்து, ஒரு பீடி பிடித்து, யார் எங்கே நின்றிருந்தோம், யார் தலைக்கு மேலே என்ன விழுந்தது என்று பேசித் தீர்ப்பார்கள். கை நடுக்கம் நின்ற பிறகுதான் வீடு. நடுக்கத்தை வீட்டில் காட்டக் கூடாது என்பது ஆண்களின் எண்ணம். அதில் தப்பு இருப்பதாக அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

“இன்னா, ரெண்டு பேரும் வாசல்ல குந்திக்கினு கீறீங்க?” என்றான்.

பாப்பம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். கங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவ்வளவுதான். முனுசாமி டீக்கடைக்காரன் பாலில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருட்டறையில், சகாயம் பக்கத்தில் நிற்க, தாமோதரன் பிலிமைக் கழுவினான். கோபுரத்தின் படங்கள் வழக்கம்போல் வந்திருந்தன. கடைசிப் படம் கறுத்துப் போயிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றான். சகாயம், எக்ஸ்ரே பிலிமைப் பார்க்கிற பழக்கத்தில், அதை விளக்குக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். அச்சுப் போட்டுப் பார் என்றார்.

தட்டில் இருந்த தாளில் படம் மெதுவாக வந்தது. முதலில் ஜன்னல், பிறகு பித்தளைப் பாத்திரங்கள். ஒவ்வொரு குடத்துக்கும் இரண்டு விளிம்பு. சுவரின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு கங்கம்மா. அவளுக்கு இரண்டு முகம். ஒன்று கேமராவைப் பார்த்துச் சிரித்தது. அது தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மங்கி இருந்தது. இன்னொன்று வாசலைப் பார்த்தது. அதில் மங்கலே இல்லை. கண்ணின் வெள்ளைகூடத் தெரிந்தது.

சகாயம் தாளை அடுத்த தட்டுக்கு மாற்றினார். பிறகு, “அன்னைக்கா?” என்றார்.

அன்றைக்குத்தான் என்றான் தாமோதரன். பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை, பழக்கம், படம் கெட்டுப்போய்விட்டது என்றான்.

“இதக் குடு தாமு,” என்றார் சகாயம். “கோபுரம் எங்கயும் போயிடாது.”

வீட்டுக்கு எடுத்துப்போய்க் கங்கம்மாவிடம் காட்டினான். அவளைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தான். அவள் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

“சேல கட்டி, பூ வச்சி நின்னேன். ரெண்டு மூஞ்சிக்காரியா ஆக்கி வச்சிக்கிறீங்களே. அந்தச் சிரிக்கிறத மட்டும் போட முடியாதா?”

முடியாது என்றான். இரண்டும் ஒரே படம். வேண்டாம் என்றால் கோபுரத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். தோல் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் போய், தான் நின்ற அதே இடத்தில் நின்று பார்த்தாள். அன்றைக்கு மற்ற எல்லோரையும் போலத்தான் தானும் நின்றது அவளுக்குத் தெரியும். நிற்கும்போது எப்படி இருப்போம் என்பது தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கி அண்ணன் மேல வந்துட்டான் இல்ல,” என்றாள். “வந்த நாளு படமா இருந்துட்டுப் போவட்டும். குடுங்க.”

படத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது விதி. தாமோதரன் எப்போதும் ‘நந்திதுர்க் கோபுரம்’, ‘ஆண்டர்சன்பேட்டை சர்ச்’ என்று, இருப்பதை இருப்பதுபோல் எழுதுவான். இதற்கும் அப்படியே, படத்தில் இருப்பது யார் என்று யோசித்து, ‘முனுசாமியின் தங்கை’ என்று எழுதிக் கொடுத்தான்.

நடுவர் வந்த அன்று பிற்பகலில், தாமோதரனைக் கிளப்புக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஏதோ சிக்கல் என்று புரிந்தது. ஹாலில் நீள மேஜை. நடுவர், கண்ணாடி போட்ட, மெல்லப் பேசும் மனிதர், படத்தைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் சகாயம். கிளப் தலைவரும் இருந்தார். அவர் ஆங்கிலோ இந்தியர். முன்பு அடியில் வேலையை மேற்பார்க்கும் மைன் கேப்டனாக இருந்தவர்.

நடுவர் கோபமாக இல்லை. படம் தன்னை விடமாட்டேன் என்கிறது, மறுபடி மறுபடி இதற்கே வருகிறேன் என்றார். ஆனால் ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுத்து ஒட்டுப்போட்ட படங்களைக் கலைப் பிரிவில் சேர்ப்பதில்லை என்று கிளப்பே விதி வைத்திருக்கிறது. இது அப்படி எடுத்ததா என்று கேட்டார்.

ஒரே தடவைதான் எடுத்தேன் என்றான் தாமோதரன். நடுவில் அந்தம்மா எப்படித் திரும்பினார் என்று கேட்டார் நடுவர்.

“பர்ஸ்ட் வந்துச்சு சார்.”

நடுவருக்குப் பர்ஸ்ட் என்றால் ஏதோ வெடித்தது என்றுதான் புரிந்தது. ஸ்டூடியோக்களில் பல்பு வெடிப்பது உண்டு. “பல்பு வெடிச்சு அந்தம்மாவுக்கு ஒண்ணும் அடி படலியே?” என்று அக்கறையோடு கேட்டார்.

சகாயம் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். தலைவர் கையை நீட்டிப் படத்தை வாங்கினார். பெண்ணைப் பார்க்கவில்லை. பாத்திரங்களைப் பார்த்தார். குடங்களின் இரட்டை விளிம்பின் மேல் விரலை வைத்து, ஆங்கிலத்தில், எந்தக் கிழமை என்று சொன்னார், எந்த ஷாஃப்ட் என்று சொன்னார். பிறகு நடுவரிடம், கீழே நடப்பது என்ன, மேலே வீடுகளில் நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொன்னார். இங்கே பெயரில் இருக்கும் முனுசாமி அந்த நேரத்தில் கீழே இருந்தான் என்று சகாயம் சேர்த்துச் சொன்னார்.

நடுவர் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு தாமோதரனை, கடிந்துகொள்ளாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். நிலம் ஆடியதும் எவரும் கையை எடுத்திருப்பார்களே, நீங்கள் ஏன் எடுக்கவில்லை?

தாமோதரன் தன் வலது கையைப் பார்த்தான்.

“எடுக்கக் கூடாது சார்.”

நடுவர் அதைத் தேர்ந்தெடுத்த படங்களின் பக்கம் வைத்தார்.

முதல் பரிசு சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் எடுத்த கொக்குப் படத்துக்குப் போனது. நல்ல படம், தாமோதரனுக்கே அது பிடித்திருந்தது. அவனுடையதற்குப் பரிசு இல்லை. பாராட்டுக்குரியது என்று ஓர் அட்டை மட்டும் கீழே ஒட்டியிருந்தது. அவன் அந்த அட்டையைப் படிக்கவே மறந்துவிட்டான். படம் சுவரில் இருந்தது. ஆணி சற்றுச் சாய்வாக அடித்திருந்ததால் சட்டம் ஒரு பக்கம் இறங்கி இருந்தது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அவன் கை சும்மா இருந்திருக்காது.

பார்க்க வந்தவர்களில் லைனிலிருந்து வந்த பெண்கள் கொக்கின் எதிரே நிற்கவில்லை. இதன் எதிரே வந்து நின்றார்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி படத்தில் இருந்த தம்ளரைக் காட்டி, தன் வீட்டிலும் அன்றைக்கு ஒரு கண்ணாடி போச்சு என்றாள்.

முனுசாமி பாப்பம்மாவோடு வந்தான். மடிப்புச் சட்டை போட்டிருந்தான். வாசலிலேயே கேலியைத் தயார் செய்துகொண்டு வந்தது முகத்தில் தெரிந்தது. படத்தின் கீழே இருந்த பெயரைச் சகாயம் படித்துக் காட்டியதும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான்.

“எங்க பாக்கற?” என்றான் பக்கத்தில் வந்து நின்ற தங்கையிடம், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எங்க பாப்பேன். சக்கரத்தத்தான்.”

முனுசாமி எத்தனையோ பர்ஸ்டைப் பார்த்தவன். ஒன்றைக்கூட வீட்டு வாசலில் நின்று பார்த்ததில்லை. நிலம் ஆடும்போதெல்லாம் அவன் கீழே இருந்தான், இல்லாவிட்டால் ஷாஃப்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். விளக்கு அணைவது, தூசு அடைப்பது, பக்கத்தில் நின்றவனின் கையைத் தேடுவது, அவனுக்குத் தெரிந்த பர்ஸ்ட் அதுதான். மேலே சோறு வெந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வான். அப்படி நினைப்பது அவனுக்கு ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது.

“மேல இப்பிடியா இருக்கும்?” என்றான்.

“பின்ன இன்னான்னு நெனச்ச?” என்றாள் பாப்பம்மா.

அவன் சட்டைப் பையைத் தடவினான். ஹாலுக்குள் பீடி பிடிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டான்.

தாமோதரன் சற்றுத் தள்ளி நின்றான். இந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் படம் எடுத்தான். முனுசாமி வந்து சுவரின் எதிரே நின்றுவிட்டான். ஆனால் நின்றவனைப் பார்க்கும்போது, தானும் கங்கம்மாவின் அந்த முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றியது. பெரும்பாலும் அவன் டயலைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் அவன் பார்த்ததைவிடக் கேமரா அதிகம் பார்த்திருந்தது. கையை எடுக்காமல் இருந்ததற்கு அது கொடுத்த கூலி என்று நினைத்துக்கொண்டான். யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் விளங்கவில்லை. கொடுத்தவன் எதிரே நிற்கிறான். படத்துக்கு நின்றவள் பக்கத்தில் நிற்கிறாள்.

வெளியே வந்ததும் முனுசாமி அவன் தோளில் கை போட்டான். முறிந்து கூடிய தோளின் கை, பாரமாக இருந்தது.

“கோணலா மாட்டிக்கிறானுங்க மாப்ள,” என்றான்.

கேமரா ஆணியிலேயே தொங்கியது. தாமோதரன் அதற்குப் பிறகும் பல வருஷம் போட்டிக்குப் படம் கொடுத்தான். சில மாட்டப்பட்டன, சில திரும்பின. ஆள் இல்லாத படம் மட்டும் அவன் எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் மறுபடியும் ஒரு பர்ஸ்ட் வந்தது. அன்றைக்குக் கேஜ் ஓட்டியது தாமோதரன்தான். கடைசி நடையும் மேலே வந்து, மணி அடித்து, கையை எடுத்து, வேலை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் வந்துவிட்டானா என்று கேட்டான்.

வந்தான் என்றாள் கங்கம்மா. ஷாஃப்டிலிருந்து நேராக, முகம்கூடக் கழுவாமல், தலையெல்லாம் மண்ணோடு வந்திருக்கிறான். கை நடுங்கிக்கொண்டிருந்ததாம். அதை மறைக்கவும் இல்லையாம். பாப்பம்மாவிடம் முகத்தைக் காட்டிவிட்டு, அப்படியே இங்கே வந்து, உள்ளே நுழையாமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

“இன்னா சொன்னான்?”

கங்கம்மா அரிசியைக் களைந்துகொண்டே, அண்ணனுடைய குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

“நல்லா பாத்துக்க. ஒரே மூஞ்சிதான் கீது. நான் டீ குடிக்கப் போறேன்.”